குசினிச் சுவர்

வீட்டை அளக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று மேனுஜா சொன்னபோது பத்மாசனி ஒரா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த அமீரகக் கரையில் அதைச் சாஃபி என்பார்கள். பெயர் எதுவானாலும் முள் ஒன்றுதான். குத்தினால் முழங்கைவரை கடுக்கும். அதனால் அவள் நிமிராமல், கத்தரிக்கோலால் முதுகு முள்ளை நறுக்கியபடியே கேட்டாள்.

“எந்த வீட்டை?”

“எங்கட வீட்டைத்தான்.”

“இது எங்கட வீடோ? அப்துல் ஹாதியின்ர வீடெல்லோ.”

“நாங்கள் இருக்கிற வீடு அம்மா. பழைய பில்டிங். இந்த ஊரிலை மிஞ்சிக் கிடக்கிற பழைய வீடுகளை எல்லாம் அளந்து, டிராயிங் கீறி வைக்கச் சொல்லிப் பலதியா எங்கட ஆபீசுக்குக் குடுத்திருக்கு. நானும் அவையோடை வருவன்.”

நகரசபையை அங்கே எல்லோரும் பலதியா என்றுதான் சொல்வார்கள். பலதியா என்ற சொல்லைக் கேட்டதும் பத்மாசனியின் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. அந்தச் சொல் நல்ல சேதியோடு அவள் வீட்டு வாசலுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

உம் அல் குவைனைத் தாண்டி ராஸ் அல் கைமாவுக்குப் போகிற வழியில், கழிமுகத்தை ஒட்டி இருந்த சின்ன ஊர் அது. முத்துக் குளித்த காலத்தில் பணக்கார ஊராக இருந்ததாம். இப்போது பழைய தெருவில் உள்ளூர்க்காரர்கள் யாரும் இல்லை. எல்லோரும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் வங்காளி மீன்காரர்களும், பாகிஸ்தானி லாரி டிரைவர்களும், கேரளத்துச் சலூன்காரர் ஒருவரும், காரைநகர் அரியரத்தினத்தின் குடும்பமும் இருந்தார்கள்.

அரியரத்தினம் படகு எஞ்சின் மெக்கானிக். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வந்து, கழிமுகத்துப் படகுப் பட்டறையில் சேர்ந்தவர் அங்கேயே நரைத்துவிட்டார். பத்மாசனி மேனுஜாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அந்தக் காலத்து முத்து வியாபாரி ஒருவர் கட்டிய, முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பெரிய வீடு. முன்பக்க அறைகளில் அப்துல் ஹாதியின் வலைகளும் உடைந்த கட்டில்களும் கிடந்தன. பின்பக்கத்து இரண்டு அறைகளும் முற்றமும் இவர்களுக்கு. வந்த புதிதில் படுக்கிற அறையிலேயே அடுப்பு மூட்டினார்கள். பட்டறை ஆட்களுக்கும் சேர்த்துப் பத்மாசனி சமைக்கத் தொடங்கியபோது அது சரிப்படவில்லை. அப்துல் ஹாதியிடம் கேட்டு, முற்றத்து மூலையில் பழைய சுவரோடு சேர்த்துச் சிமெந்துக் கல் அடுக்கி, மேலே தகரம் போட்டு அரியரத்தினம் தன் கையாலேயே ஒரு குசினி கட்டினார். அந்தக் குசினியில்தான் அந்தக் குடும்பம் வளர்ந்தது என்று சொல்லலாம். மேனுஜா பாடம் படித்ததும் அங்கே, பட்டறை ஆட்கள் தட்டோடு வந்து குந்தியதும் அங்கே.

அன்று மாலை அரியரத்தினம் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். ஓகஸ்ட் மாதம். காற்று நனைந்த துணிபோல உடம்பில் ஒட்டியது. பத்மாசனி புட்டும் மீன் குழம்பும் வைத்தாள்.

“உன்ர மகள் வீடு அளக்க வாறாவாம்,” என்றாள்.

“அளந்து?”

மேனுஜா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். ஷார்ஜாவில் கட்டிட வரைகலை படித்து, அஜ்மானில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. ஆபீசில் ஆங்கிலம் மடமடவென்று வரும். அப்பாவின் முன்னால் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் தேடுவாள்.

“அப்பா, இந்த லைன் முழுக்க உடைக்கப் போகினம். கார் பார்க்கிங்குக்கு. நான் போன வருஷக் கடைசியிலேயே ஆபீசிலை கேள்விப்பட்டனான்.”

“என்ன?”

“முழுக்கக் கேளுங்கோ. எங்கட வீட்டை உடைக்க மாட்டினம். வெளியிலை சிமெந்து பூசினதாலை புது வீடு மாதிரித் தெரியுது. உள்ளுக்கு எல்லாம் கடல் கல்லு. பவளப்பாறைக் கல்லு. நான் மோராக்குக்குச் சொன்னனான். மோராக் எங்கட பொஸ், ஸ்காட்லாந்து மனிசி. அவ வந்து வெளியிலை நிண்டு பார்த்தவ. பலதியாவோடை கதைச்சு, இதையும் பழைய வீடுகளோடை சேர்த்திட்டா. ஸோ, வீடு தப்பிட்டுது.”

அரியரத்தினம் புட்டைக் குழைத்த கையை எடுக்கவில்லை.

“வீடு தப்பிட்டுது. நாங்கள்?”

மேனுஜா தட்டில் கிடந்த புட்டை விரலால் ஒதுக்கினாள்.

“கேக்கிறன், நாங்கள்? இதுக்குள்ளை இருக்க விடுவினமோ?”

“இல்லை அப்பா. ரெஸ்டோர் பண்ணுவினம். சனம் வந்து பார்க்கிற இடமாக்குவினம். எப்பிடியும் நாங்கள் எழும்பத்தான் வேணும். உடைச்சாலும் எழும்பத்தான் வேணும்.”

“அப்ப சுவருக்கு ஆள் பிடிச்சிருக்கிறாய். எங்களுக்கு ஆரைப் பிடிச்சனீ?”

“அப்பா, தட்ஸ் நாட் ஃபேர்...”

“இங்கிலிசிலை கதைக்காதை!”

அவர் எழுந்து கையைக் கழுவினார். பாதிப் புட்டு தட்டிலேயே கிடந்தது. பத்மாசனி மகளைப் பார்த்தாள்.

“போன வருஷம் தெரிஞ்சதை இப்ப சொல்லுறாய்.”

“எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை அம்மா.”

“தெரியாட்டில் என்னட்டைச் சொல்லியிருக்கலாம். நான் அவருக்கு ஏத்த மாதிரிச் சொல்லியிருப்பன்.”

அதன்பிறகு அரியரத்தினம் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோபத்தில் கத்துகிறவர் என்றால் ஓய்ந்துவிடும். அவர் அப்படியில்லை. மேனுஜா வேலைக்குக் கிளம்பும்போது பத்திரிகையை விரித்துக்கொள்வார். அவள் திரும்பி வரும் நேரத்தில் பட்டறையில் ஏதாவது எஞ்சினைக் கழற்றிப் போட்டிருப்பார். பத்மாசனி இரண்டு பேருக்கும் நடுவில் சேதி காவிக்கொண்டிருந்தாள். “அப்பாட்டைச் சொல்லுங்கோ, கரண்ட் பில் கட்டியாச்செண்டு.” “உன்ர மகளுக்குச் சொல்லு, கேட்டதெண்டு.”

அளக்கிற நாள் வந்தது. வாசலில் ஒரு பிக்கப் நின்றது. முதலில் மோராக் இறங்கினாள். ஐம்பதைக் கடந்த, வெயிலில் சிவந்துபோன பெண். தலையில் துணித் தொப்பி. பின்னால் மேனுஜா. அவள் பின்னால் முக்காலியும் அளவுகோலும் தூக்கிக்கொண்டு விஜயபாஸ்கர். அவன் அறந்தாங்கிப் பக்கத்து ஆள். கட்டிட வேலைக்கு வந்து, பூச்சைச் சேதமில்லாமல் கொத்தி எடுக்கிற கைப்பக்குவம் இருந்ததால் இந்த ஆபீஸ்காரர்களோடு ஒட்டிக்கொண்டவன்.

வாசற்படியின் குறுக்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அரியரத்தினம் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்கு லீவு சொல்லியிருந்தார்.

“ஸலாம் அலைக்கும்,” என்றாள் மோராக்.

“மாஃபி,” என்றார் அவர். இல்லை என்று பொருள். எதற்கு இல்லை என்று அவர் சொல்லவில்லை.

மேனுஜா ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மோராக் கையமர்த்திவிட்டு, பிக்கப்பின் நிழலில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். விஜயபாஸ்கரும் முக்காலியைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினான். மேனுஜா மட்டும் வெயிலில் நின்றாள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

உள்ளேயிருந்து பத்மாசனி வந்தாள்.

“இஞ்சேருங்கோ. கோவம் உங்கட மகளோடை. அந்த மனிசியையும் பெடியனையும் ஏன் வெயிலிலை காய விடுறியள்?”

“ஆரையும் நான் கூப்பிடேல்லை.”

“கூப்பிடாமலே எங்கட வாசலுக்கு எத்தினை சனம் சாப்பிட வந்தது. ஒருத்தரையாவது இப்பிடி நிப்பாட்டினனீங்களே? எழும்புங்கோ. எனக்கு உலை கொதிக்குது.”

அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கழிமுகத்துப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

அளவு நாள்முழுக்க நடந்தது. முக்காலியில் வைத்த கருவி தானாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. மேனுஜா பிறகு ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு மாடமாக நாடா பிடித்து அளந்தாள். கூரைக்கு அடுக்கியிருந்த கண்டல் மரக் கம்புகளை எண்ணினாள். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது எண்ணிய அதே கம்புகள். இப்போது எண்ணியதை அவள் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

குசினிக்குள் வந்தபோதுதான் சிக்கல்.

“அக்கா, இந்தப் பானை வைக்கிற ரேக்க கொஞ்சம் நகத்திக்கலாமா? பின்னாடி பூச்ச ஒரு முழம் தொறந்து பாக்கணும்கிறாங்க,” என்றான் விஜயபாஸ்கர்.

“தம்பி, பானையளுக்குள்ளை மண் விழும்.”

“விழாதுக்கா. நான் சாக்கு கட்டிர்றேன். ஒரு பொட்டு விழுந்தா என்னையக் கேளுங்க.”

சொன்னபடியே சாக்கைக் கட்டினான். உளியை ஆணி அடிப்பதுபோல அடிக்காமல், பொருக்கு உரிப்பதுபோல மெல்ல மெல்லத் தட்டினான். சிமெந்துப் பூச்சு துண்டு துண்டாக வந்தது. அதன் பின்னால் வெள்ளைச் சாந்து. சாந்தில் கொடி ஓடிய செதுக்கு வேலை; கொடியின் நடுவே மேலே கூர்ந்த வளைவு. அந்தக் காலத்து மாடம் ஒன்றை யாரோ கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள்.

மோராக் மூச்சை உள்ளே இழுத்தாள். மேனுஜா வாயில் கைவைத்தாள். பத்மாசனி முதலில் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். மண் இல்லை. பிறகுதான் சுவரைப் பார்த்தாள்.

“உதுக்கு முன்னாலையோ நான் இவ்வளவு காலமும் மிளகாய்த்தூள் போத்திலை வைச்சனான்?” என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். “வடிவுதான். ஆர் செய்ததாம்?”

மேனுஜா மோராக்கிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள். “தெரியாதாம் அம்மா. ஈரான் கரையிலையிருந்து வந்த வேலைக்காரர் ஆரும் செய்திருப்பினமாம். பேர் ஒண்டும் இல்லை.”

“பேர் இல்லாமலோ இவ்வளவு வேலை,” என்று சொல்லிவிட்டுப் பத்மாசனி சோறு வடிக்கப் போனாள்.

மதியம் எல்லோருக்கும் வாழையிலைக்குப் பதில் பேப்பர் தட்டு வைத்தாள். சோறு, ஒரா மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய். விஜயபாஸ்கர் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினான். “எங்கூர்ல மீன் கொழம்புல தேங்காப்பால் ஊத்த மாட்டோம்க்கா. ஆனா இது நல்லாத்தான் இருக்கு.” மோராக் கையாலேயே சாப்பிட்டாள். மூக்கு சிவந்து தண்ணீர் ஓடியது. நிறுத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னாள்.

“என்னவாம்?”

“அவவும் கடற்கரைச் சின்ன ஊராம். மீன்பிடி ஊர். வேலைக்குச் சேர்ந்த புதிசிலை அந்த ஊரிலை இருந்த பழைய வீடு எல்லாத்தையும் அளந்து கீறினவவாம். அவையின்ர சொந்த வீட்டையும்.”

“தாய் தகப்பன் இருக்கினமோ?”

“அம்மா இருக்கிறாவாம். முதியோர் இல்லத்திலை.”

“அப்ப அந்த வீடு?”

மேனுஜா கேட்டுச் சொன்னாள். “வடிவா இருக்காம். ஒரு கல்லும் மாத்தேல்லையாம். லீவுக்கு வாற ஆக்களுக்குக் கிழமைக் கணக்கிலை வாடகைக்குக் குடுக்கினமாம்.”

பத்மாசனி எழுந்துபோய், சட்டியில் கிடந்த பெரிய மீன் துண்டை எடுத்துவந்து மோராக்கின் தட்டில் வைத்தாள்.

அடுத்த வாரங்களில் மேனுஜா வீட்டிலும் கணினியைத் திறந்துவைத்து வரைந்தாள். ஒரு பின்னேரம் பத்மாசனி தேத்தண்ணீரோடு வந்து தோளுக்குமேலால் எட்டிப் பார்த்தாள். திரையில் கோடுகள்.

“இதென்ன?”

“மேலையிருந்து பார்த்தால் வீடு இப்பிடி. இது முற்றம். இது நாங்கள் படுக்கிற அறை. இது குசினி.”

“என்ர குசினி இவ்வளவு சின்னனோ?”

“அளவு சரி அம்மா. பாருங்கோ, அடுப்பு, அம்மி, ராக்கை, தண்ணி ட்ரம் எல்லாம் போட்டிருக்கிறன். கிடக்கிறது கிடக்கிற மாதிரியே கீற வேணும். அது முதல் ஷீட்.”

“ரெண்டாவது?”

மேனுஜா தயங்கிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். அதே வீடு. குசினி இருந்த இடம் முழுக்கச் சிவப்புக் கோடு அடித்துக் கிடந்தது.

“பிறகு சேர்த்த பகுதி. எடுக்க வேணும் எண்டு அர்த்தம்,” என்றாள். குரல் உடைந்தது. “வேற ஆரையும் கீறச் சொல்லிக் கேட்டனான். மோராக் ஓம் எண்டவ. பேந்து நானே கீறினன். தெரியாத ஆள் கீறிறதிலும் பார்க்க...”

பத்மாசனி அவள் தலையில் கைவைத்தாள். கை தேத்தண்ணீர்ச் சூட்டோடு இருந்தது.

“அழாதை. நேராத்தானே கீறியிருக்கிறாய்.”

குளிர் தொடங்கும் முன் அப்துல் ஹாதி வந்தார். வயதானவர். வெள்ளைக் கந்தூரா அங்கியின் ஓரம் புழுதியில் இழுபட, முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து சுலைமானித் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். தான் பிறந்த அறை எது என்று விரலால் காட்டினார். பலதியா வீட்டை எடுத்துக்கொள்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அரபியில் சொன்னார். “கலாஸ்,” என்று, எல்லாம் முடிந்தது என்பதுபோலக் கையை விரித்தார். அரியரத்தினத்துக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. இரண்டு பேரும் படகு, எஞ்சின், இந்த வருஷத்து மீன் என்று பேசிவிட்டு எழுந்தார்கள்.

அவரை அனுப்பிவிட்டு வந்த அரியரத்தினம் குசினி வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பிறகு அறைப் பக்கம் திரும்பினார்.

“மேனுஜா.”

அவள் ஓடிவந்தாள். அப்பா தன் பெயரைச் சொல்லிப் பல வாரங்களாகிவிட்டன.

“இதை உடைக்க ஆர் வருவினம்?”

“கொன்ட்ராக்டர் அப்பா.”

“பிரேக்கர் வைச்சு அடிப்பாங்கள். நான் கட்டேக்கை இந்தக் கல்லைப் பழைய சுவருக்குள்ளை கொளுவித்தான் வைச்சனான். பிரேக்கர் அடிச்சால் அதிலை வெடிக்கும். அந்த மாடமும் போகும்.”

“ஓம் அப்பா.”

“எத்தினை இடத்திலை கொளுவியிருக்கெண்டு எனக்குத்தான் தெரியும். நானே கழட்டுறன். உங்கட பொஸ் மனிசிட்டைக் கேள். அந்த அறந்தாங்கித் தம்பி உதவிக்கு வருவானோ எண்டும் கேள்.”

“அப்பா, ஸொரி,” என்றாள் மேனுஜா.

“உடைபட்டுப் போறதிலும் பார்க்க நிக்கிறது நல்லதுதான்,” என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “எனக்கு முதல் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்.”

வெள்ளிக்கிழமை விஜயபாஸ்கர் வந்தான். முதலில் தகரத்தை இறக்கினார்கள். எத்தனையோ வருஷம் நிழலிலேயே கிடந்த இடத்தில் வெயில் விழுந்தது. பிறகு மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். கொளுவிய இடம் வரும்போதெல்லாம் அரியரத்தினம் விஜயபாஸ்கரை விலக்கிவிட்டுத் தானே முழந்தாளிட்டுச் சுரண்டினார். “மெதுவாப் பாத்துண்ணே, வெரலு,” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வந்து கல்லைக் காவினார்கள். பத்மாசனி முற்றத்தில் காஸ் அடுப்பை வைத்து எல்லோருக்கும் சமைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே பட்டறை ஆட்கள் கேட்டார்கள், “இனி எங்களுக்கு ஆரக்கா சாப்பாடு?” அஜ்மானில் மேனுஜா பிடித்திருந்த பிளாட்டில் வெளி ஆட்களுக்குச் சமைக்க காவலாளி விடமாட்டான். “இவர் வேலைக்கு வரேக்கை குழம்பைக் குடுத்துவிடுறன். சோறு நீங்களே வடியுங்கோ,” என்றாள் பத்மாசனி. அதற்குமேல் அவளுக்கும் வழி தெரியவில்லை.

குசினி போனபிறகு பழைய சுவர் தனியாக நின்றது. கீழேயிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே வரை அது கறுப்பு. தொடக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. பிறகு தாளித்த எண்ணெய், வறுத்த மிளகாய், தூள் இடித்த நாட்களின் புகை. பூச்சு உரிந்த இடங்களில் கல்லின் துளைகளுக்குள்ளும் புகை போயிருந்தது.

மேனுஜா அதைப் படமெடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். அன்று பகல் முழுக்க மோராக்கோடு வாதாடினாள். வீட்டில் முத்து வியாபாரி இருந்தது சரித்திரம் என்றால், எங்கள் அம்மா சமைத்ததும் சரித்திரம்தான். இந்தச் சுவரில் ஒரு பகுதியையாவது கறுப்பாகவே விடவேண்டும். கண்ணாடி போட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுதவேண்டும். கடைசியில் மோராக் தலையசைத்தாள். பலதியாவுக்குப் போன் செய்தாள். ஒப்புக்கொண்டார்கள். மேனுஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வேலை முடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சாமான்கள் பிக்கப்பில் ஏறியிருந்தன. அரியரத்தினம் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். முற்றத்தில் பத்மாசனி வாயையும் மூக்கையும் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, தும்புத்தடித் துடைப்பத்தால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் கரிப்பொடி குவிந்து கிடந்தது. முக்கால்வாசிச் சுவர் வெளுத்துவிட்டது.

“அம்மா! என்ன செய்யுறியள்?”

“கத்தாதை. தண்ணி படக்கூடாதெண்டு அந்தத் தம்பி சொன்னவன். ஒரு சொட்டும் படேல்லை. தும்பாலைதான்.”

“அதில்லை அம்மா! அந்தக் கறுப்பை வைச்சிருக்கப் போறம். நான் கேட்டு வாங்கினனான். கண்ணாடி போட்டு, உங்கட பேரை எழுதி...”

பத்மாசனி தலைப்பை இறக்கினாள். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. மற்ற இடமெல்லாம் கரி.

“என்ர அழுக்கைக் கண்ணாடி போட்டு வைக்கப் போறியளோ?”

“அழுக்கில்லை அம்மா, அது...”

“வாற சனம் என்ன சொல்லும்? பத்மாசனி எண்டு ஒருத்தி இருந்தவளாம், சுவரும் துடைக்காமல் போனவளாம் எண்டு சொல்லுமெல்லோ. பிள்ளை, இரவல் வீடு. விட்டுப் போகேக்கை துப்பரவாக்கிக் குடுக்க வேணும். அந்தக் கிழவன் பிறந்த வீடு இது.”

மேனுஜா சுவரைப் பார்த்தாள். தேய்த்த இடத்தில் கல்லின் நிறம் வந்திருந்தது. பால்வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. கல்லுக்குள் கடற்பூச்சி கட்டிய சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. மோராக்குக்கு என்ன சொல்வது என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

“மேலை எனக்கு எட்டேல்லை,” என்றாள் அம்மா. “நீ நெட்டைதானே. பிடி.”

அவள் தும்புத்தடியை வாங்கினாள். கவிழ்த்துப்போட்ட தண்ணீர் ட்ரம்மின் மேல் ஏறினாள். தேய்க்கத் தேய்க்கக் கரி முகத்தில் விழுந்தது. வெளியே அரியரத்தினம் ஒருமுறை ஹோர்ன் அடித்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, மகள் ஏறியிருந்த ட்ரம் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கடைசி மூலையும் வெளுத்ததும் பத்மாசனி சில அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துச் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

“இனிக் குடுக்கலாம்,” என்றாள்.